அரித்துப் பார்த்தால்: 'பேன் அவுட்' பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் 'பேன் அவுட்' (pan out) என்ற வினை பாடத்தில் வந்தது. பிள்ளைகளைவிட, அவர்களோடு வந்த பெரியவர்கள்தான் அதிகம் கேட்டார்கள்.

படிவம் 4 மாணவி: சார், 'த பிளான் டிட்னாட் பேன் அவுட்' என்றால் திட்டம் கைகூடவில்லை. புரிகிறது. ஆனால் 'பேன்' என்றால் சட்டிதானே, சட்டிக்கும் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

அடுப்படிச் சட்டி இல்லம்மா, தங்கம் அரிக்கும் தட்டு. 1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது. சேதி பரவியதும் கூட்டம் கூட்டமாக வந்து ஆற்றில் இறங்கினார்கள். மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால் மணல் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். தங்கம் அடியில் தங்கும். மணல் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் கனம், தங்கம் 19 மடங்கு. கடைசியில் தட்டில் ஏதாவது மின்னினால் அந்த இடம் 'பேன் அவுட்' ஆயிற்று. அந்தப் பேச்சுதான் பிறகு எல்லாக் காரியத்துக்கும் பரவியது.

இதற்குக் கலிபோர்னியா வரை போக வேண்டியதில்லை. நம் கிந்தா பள்ளத்தாக்கில் பெண்கள், பெரும்பாலும் சீனப் பெண்கள், டூலாங் என்னும் அரிக்கும் தட்டோடு தண்ணீரில் குனிந்து ஈயம் (டின்) அரித்ததும் இதே வேலை. ஈயத் தாது ஏறக்குறைய 7 மடங்கு கனம், அதனால் தங்கிவிடும். உங்கள் அம்மா அரிசியில் கல் அரிப்பதும் இதுதான். என்ன, அடியில் தங்குவதை அவர் தூக்கி எறிகிறார்!

தோட்டத்துக் கிராணி: 'வர்க் அவுட்', 'டர்ன் அவுட்', 'கம் ஆஃப்' எல்லாம் ஒன்றுதானே?

பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே வீடு இல்லை. 'டர்ன் அவுட்' நல்லதோ கெட்டதோ முடிவைச் சொல்லும், அவ்வளவுதான். 'வர்க் அவுட்' சிக்கல் தீர்ந்ததைச் சொல்லும். துணிந்து இறங்கிய காரியம் பலித்தால் 'கம் ஆஃப்'. 'பேன் அவுட்'டில் காத்திருப்பு இருக்கிறது. அரித்து முடியும்வரை தெரியாது. அதனால்தான் 'பார்ப்போம், எப்படிப் போகிறதென்று' என்னும் இடத்திலும், கைகூடாத இடத்திலும் அதை அதிகம் கேட்கிறோம்.

'கம் டு ஃப்ரூயிஷன்' என்றும் எழுதுவார்கள். 'ஃப்ரூட்' போல் ஒலிப்பதால் பழுத்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 'ஃப்ரூயிஷன்' முதலில் அனுபவித்து மகிழ்வதைக் குறித்த சொல். பழத்தின் வாசம் பின்னால் ஒட்டிக்கொண்டது. நம் 'பலன்'தான் பழத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது.

படிவம் 5 மாணவன்: 'ஐ பேன்ட் அவுட் மை பிளான்' என்று எழுதினேன். தப்பு போட்டுவிட்டார்கள்.

தப்புதான் தம்பி. இன்றைய வழக்கில் திட்டம்தான் 'பேன் அவுட்' ஆகும், நீ ஆக்க முடியாது.

அதே மாணவன்: கேமராவை 'பேன்' பண்ணுவது?

அது வேறு சொல். 'பனோரமா'வின் சுருக்கம்.

ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்): 'பீட்டர் அவுட்' என்றும் ஒன்று இருக்கிறதாமே. ஆங்கிலம் பேசினால் 'பீட்டர் விடுறான்' என்போமே, அந்தப் பீட்டரா?

இல்லை ஐயா! இந்தப் பீட்டர் யாரென்று அகராதிக்காரர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. அமெரிக்கச் சுரங்கக்காரர்கள், தாது ஓடும் நரம்பு மெலிந்து மெலிந்து அற்றுப்போவதை இப்படிச் சொன்னார்கள். 1985-இல் ஈய விலை சரிந்து இங்கே சுரங்கங்கள் மூடினவே, அதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அது ஒரே அடி. நீங்கள் பார்த்திருப்பீர்களே, பால்மரம் (ரப்பர்) கிழடாகி, கோப்பையில் பால் நாளுக்கு நாள் சுண்டிக்கொண்டே வருமே, அதுதான் 'பீட்டர் அவுட்'.