வெள்ளியங்கிரி ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கோவைக்கு மேற்கே, பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து வெள்ளியங்கிரி ஆண்டவரைக் காணச் செல்லும் பாதை பிப்ரவரி முதல் மே வரை திறந்திருக்கும். முதன்முறை ஏறுவோரைப் பல பருவங்களாக அழைத்துச் சென்று வருபவன் என்ற முறையில், இம்முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: நான் நாள்தோறும் நடப்பவன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். அது அவ்வளவு கடினமா?

தூரத்தை வைத்து இந்த மலையை அளக்காதீர்கள். அந்த 6 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் ஏறுகிறோம். அதிலும் முதல் மலை முழுவதும் செங்குத்தான கற்படிகள். ஒரே அளவில் அமையாத, சில இடங்களில் முழங்கால் உயரத்துக்கு எழும்பும் படிகள். அடிவாரத்தில் இருக்கும் உற்சாகத்தில் வேகமாக ஏறுகிறவர்கள் வெள்ளை விநாயகர் கோயிலை அடைவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பக்கத்தில் வருபவரிடம் திணறாமல் பேச முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம். பேச்சு அறுபட்டால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுவது, சமதளத்தில் நடப்பதைவிடப் பல மடங்கு உதவும்.

ஈரோட்டிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு அறுபது வயதைத் தாண்டிவிட்டது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். நேர்த்திக்கடன் இருப்பதால் ஏறியே தீருவேன் என்கிறார். என்ன சொல்வது?

மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொண்டு, அவர் சம்மதித்தால் மட்டுமே அழைத்து வாருங்கள் அம்மா. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்தப் பாதையில் பக்தர்கள் சிலர் உயிரிழந்தார்கள். இதயக் கோளாறும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையே கேட்டுக்கொள்கிறது. மேலே ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் எந்த வண்டியும் அங்கே வராது, மனிதர்கள்தான் படிப்படியாகத் தூக்கி இறக்க வேண்டும். அதற்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், எந்த மலையில் இருந்தாலும் அங்கேயே உட்கார வைத்து உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லைக் கேட்காதீர்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் பூண்டிக் கோயிலிலேயே நேர்த்திக்கடனைச் செலுத்தலாம். அதில் ஒரு குறையும் இல்லை என்று அப்பாவிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: இரவில் ஏறுவது நல்லதா, பகலிலா?

ஏப்ரல், மே மாதங்களில் வெயிலின் கொடுமையைத் தவிர்க்க இரவே உகந்தது. மேல் மலைகளில் நிழல் தரும் மரங்கள் குறைவு. ஆனால் தலையில் கட்டும் விளக்கு கட்டாயம் வேண்டும். ஒரு கையில் மூங்கில் தடியும் மறு கையில் கைப்பேசி வெளிச்சமுமாக ஏறினால், சறுக்கும்போது பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. சிவராத்திரி, சித்ரா பௌர்ணமி நாள்களில் குறுகலான படிகளில் நெரிசல் மிகுதி என்பதால், முதன்முறை வருவோர் வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. உச்சிக்கு விடியலுக்கு முன் போய்ச் சேர்ந்தால் காற்று எலும்பைத் துளைக்கும். வியர்வையில் நனைந்த உடையோடு அங்கே நிற்காமல், உலர்ந்த சட்டையும் குல்லாவும் எடுத்து வையுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: தண்ணீர் எவ்வளவு எடுத்துச் செல்வது?

இரண்டு லிட்டர் போதும். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனைகளில் நிரப்பிக்கொள்ளலாம், கோடை முற்றும்போது வரத்து குறையும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சை நீரை இடையிடையே பருகுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: யானை வருமா?

வரும். இது போளுவாம்பட்டி வனச்சரகம், யானைகளின் இருப்பிடம். பாதையை விட்டு விலகாமல் கூட்டமாக நடங்கள், வனப் பணியாளர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுவிடுங்கள்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: சென்ற ஆண்டு ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை, இறங்கும்போதுதான் கால்கள் நடுங்கின. ஏன்?

இறங்கும் ஒவ்வொரு படியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. களைத்த தசைக்கு அது ஏறுவதைவிடக் கடுமையான வேலை. இந்தப் பாதைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: போகும்போது ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கித்தான் ஏழாவது மலையில் ஏறுகிறோம், ஆகவே தரிசனம் முடித்துத் திரும்புகையில் அந்த இறக்கம் ஏற்றமாகிவிடுகிறது. அதற்கும் சேர்த்து பலத்தை மிச்சம் வையுங்கள். தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி, குறுகிய அடிகளாக வையுங்கள். ஓடி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள், அவர்களோடு போட்டி வேண்டாம். வழுக்குப்பாறையில் பக்கவாட்டில் திரும்பி இறங்குவது பாதுகாப்பானது.

கரூரிலிருந்து ஒருவர்: இறங்கிய கையோடு பைக்கில் ஊர் திரும்பலாமா?

கூடாது. இரவு முழுவதும் விழித்து நடந்தவருக்கு வண்டியில் ஏறியதும் கண் சொருகும். அடிவாரத்தில் சாப்பிட்டு நான்கு மணி நேரமாவது தூங்குங்கள், அல்லது பைக்கை எடுக்காமல் கோவை காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் பேருந்தில் வந்து, பேருந்திலேயே திரும்புங்கள்.