பெல்ட்டுக்கு நன்றியா?

அன்புள்ள ஐயா,

டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறேன். வயது 41. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா, நேதாஜி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். மாசக் கடைசியில் ரசம் சாதம்தான். மார்க் குறைந்தால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார். அடி வாங்கிய நாட்களில் எதிர் வீட்டுச் சேச்சி கூப்பிட்டு உட்கார வைத்து ஹோம்வொர்க் செய்யச் சொல்வார். இன்று குருகிராமில் நல்ல வேலையில் இருக்கிறேன். அந்தப் பட்டினியும் அடியும்தான் என்னை ஆளாக்கின, அவற்றுக்கு நன்றி என்று தினமும் டைரியில் எழுதுகிறேன். ஆனால் என் பத்து வயது மகனுக்குக் கஷ்டம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அந்த அனுபவத்தை அவனுக்கு எப்படிக் கொடுப்பது? அம்மா இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார், அவரிடம் கேட்டால் சிரிக்கிறார். என் தமிழ் சுமார்தான், மன்னிக்கவும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தமிழுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. டைரி எழுதுவது உங்கள் இஷ்டம். மகனுக்குக் கஷ்டம் வேண்டும் என்றால், டெல்லியில் பிறந்த பிள்ளைக்கு நவம்பர் மாசக் காற்றே போதும், நீங்கள் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டாம்.

ஆனால் பெல்ட்டுக்கு நன்றி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. உங்கள் பிளாக்கில் எத்தனை பையன்கள் இருந்தார்கள்? எத்தனை அப்பாக்களிடம் பெல்ட் இருந்தது? அத்தனை பேருமா குருகிராம் போனார்கள்? என்னோடு படித்த ஒருத்தன் அடி தாங்காமல் ஒன்பதாம் வகுப்பில் ரயில் ஏறிப் போனான், இன்றுவரை திரும்பவில்லை. அவன் எனக்குக் கடிதம் போடுவதில்லை, கரையேறியவர்கள்தான் போடுகிறீர்கள். அப்பாவை மன்னியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அவருக்கும் தலைக்கு மேல் என்னென்னவோ இருந்திருக்கும். பெல்ட்டைப் பூஜை அறையில் மாட்டாதீர்கள்.

குறளில் பதினோராவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் தாங்க்ஸ் இல்லை, ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை அறியலாம், மறக்கலாம், ஏன், கொல்லவும் செய்யலாம் என்கிறார் வள்ளுவர். ஆக, செய்தவர் என்று ஓர் ஆள் வேண்டும். மாசக் கடைசி உங்களுக்கு என்ன செய்தது, சொல்லுங்கள்? பசி யாருக்கு எந்த நன்மையைச் செய்தது?

சில மாதங்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்களுடையது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ். அதை இடித்துவிட்டு டவர் கட்டுகிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது பால் பூத் எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அரை மணி நேரம் சுற்றியிருப்பேன்.

டெல்லி மில்க் ஸ்கீம் பூத். 1959இல் வந்த திட்டம். எனக்கு எட்டு வயதானபோது, 1977 குளிர்காலத்தில், பால் வாங்குவது என் வேலை. விடியும் முன்பே கியூ. ஆள் வராத இடத்தில் ஒரு செங்கல்லோ கம்பிக் கூடையோ நிற்கும், அதற்கும் வரிசையில் மரியாதை உண்டு. கண்ணாடி பாட்டில், மேலே அலுமினியத் தகடு மூடி. காலி பாட்டிலைக் கொடுத்தால்தான் நிறைந்த பாட்டில். ஒரு நாள் விரல் மரத்துப்போய், பூத்திலிருந்து பத்தடி வருவதற்குள் பாட்டில் நழுவி உடைந்தது. பால் போனது ஒரு பக்கம், நாளைக்குக் கொடுக்கக் காலி பாட்டிலும் போச்சு. நான் அழவில்லை. தகடு மூடியை மட்டும் எடுத்து, அதில் ஒட்டியிருந்த பாலேட்டை நக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் பின் பிளாக்கில் ஒரு சர்தார் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரும் பீஜி என்று கூப்பிடுவார்கள். வரிசையிலிருந்து வந்தார், தன் இரண்டு பாட்டில்களில் ஒன்றை என் கூடையில் வைத்தார், கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளினார். பஞ்சாபியில் ஏதோ சொன்னார், எனக்குப் புரியவில்லை. அவ்வளவுதான், போய்விட்டார். என் அம்மாவிடம் சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அன்று அவர்கள் வீட்டில் யாருக்குப் பால் இல்லாமல் போனது என்று யோசிக்கிற வயது எனக்கு வரப் பல வருஷம் ஆயிற்று.

வயது வந்ததே, என்ன செய்தேன் என்று கேளுங்கள். 1984 அக்டோபர் 31. இந்திரா காந்தியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அன்று சாயங்காலமே அந்தப் பக்கம் சர்தார்களை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் புகை. அப்பா கதவைத் தாழ்போட்டார். அம்மா நாலு நாளும் இருந்த உருளைக்கிழங்கை வைத்தே சமாளித்தாள். எனக்குப் பதினைந்து வயது, மீசை அரும்பிவிட்டது. பின் பிளாக் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். அந்த நாலு நாளும் நான் சமையலறைப் பக்கமே போகவில்லை.

அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரோ வைத்துக் காப்பாற்றினார்களாம். நாங்கள் இல்லை. டிசம்பரில் அவர்கள் வாசலில் லாரி நின்றது. பீஜி கடைசியாக ஒரு கம்பிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் மாடியில் நின்று பார்த்தேன். இறங்கிப் போயிருக்கலாம், பன்னிரண்டு படிதான்.

சரி, உங்கள் சேச்சிக்கு வருகிறேன். நடுவில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அடுத்த வரியிலேயே குருகிராம் வந்துவிடுகிறது. அவர் பெயர் என்ன? டைரியில் எங்காவது எழுதியிருக்கிறீர்களா? நேதாஜி நகரையும் இடித்தாயிற்று, வீட்டு வாசலில் போய் விசாரிக்க முடியாது. ஆனால் அவர் கணவர் எந்த ஆபீஸ், ரிட்டயர் ஆகி எந்த ஊருக்குப் போனார்கள் என்று உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். இன்று ராத்திரியே கும்பகோணத்துக்கு போன் போடுங்கள்.