துப்பாக்கி இருக்கக் கைப்பயிற்சி எதற்கு?

கேள்வி: என் மகள் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, பயிற்சிக்குச் செல்லக் காத்திருக்கிறாள். அங்கே ஆளை மடக்கிப் பிடிக்கவும், பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளவும் கற்றுத்தருவார்களாம். “துப்பாக்கி சுடப் பழகினால் போதாதா? பெண்பிள்ளை ஆளோடு மல்லுக்கட்டி எலும்பை முறித்துக்கொள்வானேன்?” என்கிறார் என் அண்ணன். எது சரி?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: சகோதரி, தங்கள் அண்ணனின் கவலை பாசத்தில் பிறந்தது. ஆயினும் நான் தங்கள் மகளின் பக்கமே நிற்பேன்.

ரோந்து செல்லும் காவலர் பலரிடம் இருப்பது லத்திதான். துப்பாக்கி இருந்தாலும், அதை எடுக்க இடமும் நேரமும் வேண்டும். கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவார் என்று 1983-இல் அமெரிக்கக் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் எழுதினார்; பழகியவர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடவும் அவ்வளவு நேரம் பிடிக்கும். ரங்கநாதன் தெருவில் 21 அடி வெற்றிடம் எங்கே கிடைக்கும்? அங்கே குறி தவறிய குண்டு யார் மீது பாயும்? கத்தி வைத்திருப்பவரை வெறுங்கையால் எதிர்கொள்ளச் சொல்லவில்லை. விலகி, துணைக்கு ஆள் அழைப்பதே அறிவு. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் குடித்துவிட்டுத் திமிறுபவரிடமும், இடுப்பிலுள்ள ஆயுதத்தைப் பறிக்க வருபவரிடமும் முதலில் உதவுவது கைப்பழக்கமே. அது இல்லாதவர் பயத்தில் லத்தியை ஓங்கிவிடுகிறார்.

சட்டத்தையும் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-ஆம் பிரிவுப்படி, சூழ்நிலை வேறுவிதமாகக் கோரினாலொழிய, கைதுக்காக ஒரு பெண்ணின் உடலைப் பெண் காவலரே தொடலாம். எனவே திமிறும் பெண்ணின் முன்னால் தங்கள் மகளே நிற்க நேரும். தப்பிச்செல்லாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் யாரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46-ஆம் பிரிவு. அந்த அளவறிந்து பிடிப்பதற்குத்தான் பயிற்சி.

கையும் உயிரைப் பறிக்கும் என்பதைத் தங்கள் மகள் மறக்கவே கூடாது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அழுந்தியிருந்தது, ஃபிளாய்டு இறந்தார். கழுத்தை நெரிப்பதும், குப்புறக் கிடப்பவரின் முதுகில் எடையை ஏற்றுவதும் மூச்சை நிறுத்திவிடும். விலங்கிட்டவுடன் அவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அல்லது உட்கார வைக்க வேண்டும். “மூச்சு முட்டுகிறது” என்று ஒருவர் சொன்னால், பேச முடிகிறதே என்று எண்ணி அதை நடிப்பாகக் கொள்ளக் கூடாது. எந்தப் பூட்டுப்பிடியையும் விட இதையே முதன்மையான பாடமாகக் கருதுகிறேன்.

என் வருத்தம் வேறொன்று. கவாத்து மைதானத்தில் கற்ற பிடி, பந்தோபஸ்து பணிகளுக்கிடையே சில மாதங்களில் மறந்துபோகும். ஜப்பானியக் காவலர்கள் பணியில் சேர்ந்த பிறகும் ஜூடோவை அல்லது மூங்கில் வாளால் பயிலும் கெண்டோவைத் தொடர்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரமாவது நம் காவலர்களுக்கும் இதற்கென ஒதுக்கப்பட வேண்டும்.

பயிற்சிக்கு அழைப்பு வரும் வரை மகளை வீட்டருகே நல்ல ஜூடோ வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அங்கே முதலில் கற்றுத்தருவது யாரையும் வீழ்த்துவதை அன்று, அடிபடாமல் விழுவதை. எலும்பு முறியுமே என்று அஞ்சும் தங்கள் அண்ணனையும் ஒரு நாள் உடன் அழைத்துச் சென்று காட்டுங்கள்.