பதில்: மேகின்டாஷ் ஃப்ளாப்பி விண்டோஸில் திறக்கவில்லை

அப்பாவின் பழைய மேகின்டாஷ் ஃப்ளாப்பிகளை யூஎஸ்பி டிரைவில் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்கிறது என்கிறீர்கள். ஓகே மட்டும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் மூலையிலுள்ள சிறு தள்ளியை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள். அதன்பின் எதுவும் அதில் எழுதாது.

எதிர் மூலையிலும் ஓட்டை இருந்தால் 1.44 எம்பி. மேக் கோப்புகளை அடுக்கும் எச்எஃப்எஸ் முறை விண்டோஸுக்குப் புரியாது, அவ்வளவுதான். லினக்ஸில் இமேஜ் (ஃப்ளாப்பியின் முழு நகல்) எடுத்துத் திறக்கலாம். ஒற்றை ஓட்டை என்றால் பெரும்பாலும் 800 கேபி. மேக் அதை உள்வட்டம், வெளிவட்டத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றிச் சுழற்றி எழுதியிருக்கும். யூஎஸ்பி டிரைவிடம் இது நடக்காது. ஃப்ளாப்பியின் காந்தப் பதிவை அப்படியே படித்துக் கணினிக்கு அனுப்பும் கிரீஸ்வீசில் என்ற சிறு மின்பலகையும், அதில் இணைக்கப் பழைய பிசி டிரைவும் தேவை.

அப்புறம், ஃப்ளாப்பிகள் இருந்த கோத்தகிரியின் மூடுபனியில் அவற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தகட்டு மூடியை விலக்கிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் டிரைவில் போடவே வேண்டாம். டிரைவின் ஹெட்டில் (படிக்கும் முனையில்) ஒட்டி அடுத்த ஃப்ளாப்பியையும் கீறும்.