மென் ரோபோ படிக்க வந்தவர் முதல் செமஸ்டரில் என்ன செய்யலாம்?

தம்பி, மெக்கானிக்கல் முடித்துவிட்டு ரோபாட்டிக்ஸ் முதுகலைக்கு வெளிநாடு வந்திருக்கிறீர்கள். மென் ரோபோவில்தான் (சிலிக்கோன், துணி போன்ற வளையும் பொருள்களால் செய்யும் ரோபோ) ஆய்வேடு செய்ய ஆசை, பாடத்திட்டத்திலோ அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை, ஆய்வகத்துக்குள் எப்படி நுழைவது என்று கேட்டிருந்தீர்கள்.

பல பல்கலைக்கழகங்களில் அப்படித்தான். இந்தத் துறை மெக்கானிக்கல், மெட்டீரியல்ஸ், பயோமெடிக்கல் என்று சிதறிக் கிடக்கிறது. பாடத்தின் பெயரைப் பார்க்காமல், எந்தப் பேராசிரியரின் கட்டுரைகளில் இந்த வேலை இருக்கிறது என்று பாருங்கள். விருப்பப் பாடமாக கன்டினியம் மெக்கானிக்ஸை (பொருள்கள் விசைக்கு எப்படி உருமாறும் என்று கணக்கிடும் பாடம்) விட்டுவிடாதீர்கள். ரப்பர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இழுபடும்போது ஹூக் விதி உதவாது. ரப்பரின் பெரிய நீட்சியைக் கணக்கிடும் ஆக்டன், இயோ போன்ற கணித மாதிரிகள் தேவைப்படும். அதைப் புரிந்துகொள்ளாமல் மென்பொருளில் சிமுலேஷன் ஓட்டினால், வரும் வண்ணப்படம் சரியா தவறா என்றே தெரியாது.

ஆனால் கதவைத் திறப்பது கைவேலைதான். காற்றை ஏற்றினால் வளையும், கசியாத ஒரு சிலிக்கோன் விரலை வார்த்து, அதை முறையாக அளந்து காட்டுங்கள். ஹார்வர்டும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட சாஃப்ட் ரோபாட்டிக்ஸ் டூல்கிட்டில், காற்றறைகள் உள்ள நியூநெட் விரலுக்கான அச்சு வரைபடம் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சை பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்யுங்கள். ரெசின் பிரிண்டரில் எடுத்த அச்சு வேண்டாம்: சரியாக உலராத ரெசின், பிளாட்டினம் வகை சிலிக்கோனை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகுவது) இறுக விடாது, தொடும் பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். லேடெக்ஸ் கையுறையில் உள்ள கந்தகமும் அதையேதான் செய்யும். நைட்ரைல் கையுறை போடுங்கள்.

தொடங்குவதற்கு ஈக்கோஃப்ளெக்ஸ் 00-30 என்ற மென்மையான பிளாட்டினம் சிலிக்கோன் போதும். அது ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் வரும். இரண்டையும் எடைக்குச் சம எடை எடுத்து, கோப்பையின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டி மூன்று நிமிடம் கலக்குங்கள். பிறகு காற்றுக் குமிழிகள் வெளியேற வெற்றிட அறையில் வையுங்கள். கலவை நுரைத்துப் பல மடங்கு எழும்பும், அதனால் கோப்பையில் கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கலந்ததிலிருந்து ஊற்றி முடிக்க 45 நிமிடம். அறை சூடாக இருந்தால் அதுவும் குறையும். இறுக 4 மணி நேரம். அவசரப்பட்டு ஆய்வக ஓவனில் வைத்தால், 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே பிஎல்ஏ அச்சு வளையத் தொடங்கிவிடும்.

பெரும்பாலான விரல்கள் சாவது, காற்றறைகள் உள்ள மேல்பாகத்தையும் தட்டையான அடித்தட்டையும் ஒட்டும் கட்டத்தில்தான். அடித்தட்டில் காகிதத்தைப் பதிப்பது அந்தப் பக்கம் நீளாமல் இருக்க; அதனால்தான் விரல் வளைகிறது. காகிதத்தின் மேல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சிலிக்கோன் பரப்பி, மேல்பாகத்தை மெதுவாக வையுங்கள். பூச்சு தடித்தால் காற்றுப் பாதைக்குள் ஏறி அடைத்துக்கொள்ளும், மெலிந்தால் ஓரம் கசியும். சாதாரண சூப்பர் குளூ சிலிக்கோனில் நிற்காது.

இறுகியதும் நீருக்குள் அமிழ்த்தி, ஊசிக்குழலால் காற்றை மெதுவாக ஏற்றுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஒரு அறை மட்டும் பலூனாக உப்பினால் அந்தச் சுவர் மெலிந்திருக்கிறது: அச்சு நகர்ந்திருக்கும், அல்லது உள்ளே குமிழி சிக்கியிருக்கும். ஒட்டுப் போட்டுக் காப்பாற்றப் பார்க்காமல் புதிதாக வார்ப்பதே நேரம் மிச்சம்.

அளவீட்டுக்கு 12 வோல்ட் டயஃப்ரம் பம்பு, மின்சாரத்தால் திறந்து மூடும் மூவழி சோலினாய்டு வால்வு, அதை இயக்கும் மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட், கட்டுப்படுத்த ஆர்டுயினோ பலகை, 100 கிலோபாஸ்கல் வரை அளக்கும் எம்பிஎக்ஸ் 5100 வகை அழுத்த உணரி இருந்தால் போதும். வால்வுக்குக் குறுக்கே டயோடு போடாமல் விட்டால், அணைக்கும் நொடியில் எழும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். புதிய விரலைப் பத்து முறை ஊதி இறக்கிய பிறகே தரவு எடுங்கள். முதல் சில இழுப்புகளில் ரப்பர் மென்மையாகிவிடும் (மலின்ஸ் விளைவு), அதனால் முதல் அளவீட்டில் வந்த கோடு மறுபடி வராது. காற்று ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே அழுத்தத்தில் விரல் வளையும் கோணம் வேறுபடும். இரண்டு கோட்டையும் வரைபடத்தில் காட்டுங்கள். ஏறும் கோட்டை மட்டும் காட்டும் மாணவரை எந்த நல்ல குழுவும் உடனே கேள்வி கேட்கும்.

சிலிக்கோன் மட்டுமே இந்தத் துறை என்றும் நினைக்க வேண்டாம். டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் பூசிய துணியை வெப்பத்தால் ஒட்டியும் நல்ல இயக்கிகள் (காற்றால் அசையும் உறுப்புகள்) செய்கிறார்கள். 2010-இல் வந்த உலகளாவிய பிடிப்பான், பலூனுக்குள் அரைத்த காபித்தூளைப் போட்டுக் காற்றை உறிஞ்சியே பொருளைப் பிடித்தது.

பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சல் ஐந்தாறு வரியைத் தாண்ட வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்தக் கேள்வி, உங்கள் விரலின் அழுத்தம்-கோணம் வரைபடம் ஒன்று. 'மதிப்பிற்குரிய ஐயா' என்ற நீண்ட வணக்கம் பல இடங்களில் அந்நியமாகத் தெரியும். குழுவில் மற்றவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்கள் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புவது தவறில்லை.

உள்ளே சேர்த்துக்கொண்டால், பாதுகாப்புப் பயிற்சி முடியும்வரை எதையும் தொடாதீர்கள். இறுகாத சிலிக்கோனைத் தொட்டியில் கழுவக் கூடாது. கோப்பையிலேயே இறுகவிட்டு, ஆய்வகம் சொல்லும் குப்பையில் போடுங்கள். ஏ புட்டியின் மூடியை பி-யில் மாற்றிப் போட்டாலோ, ஒரே கரண்டியை இரண்டிலும் விட்டாலோ, புட்டிக்குள் இருப்பதே கட்டியாகத் தொடங்கும். மூடிகளில் ஏ, பி என்று பெரிதாக எழுதி, திறந்த தேதியையும் ஒட்டிவிடுங்கள்.