ஸ்டான்ஃபோர்டில் ஆடும் அந்த மரம்

ஆபீஸ் நண்பர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஃபுட்பால் மேட்ச்சுக்குக் கூட்டிப்போனார்கள், முட்டைக்கண்ணும் சிவப்பு உதடுமாக ஒரு பச்சை மரம் மைதானத்தில் குதியாட்டம் போட்டது, எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள், எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, இது என்ன கூத்து அண்ணா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான் தம்பி. சான் ஃப்ரான்சிஸ்கோ பே ஏரியாவில் பல வருஷம் இருப்பவர்களிலும் பாதிப் பேருக்கு இது தெரியாது.

முதல் விஷயம், அந்த மரம் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மாஸ்காட்டே (அணியின் அடையாளமாக மைதானத்தில் ஆடும் உருவம்) இல்லை. அணியின் பெயர் கார்டினல், அதாவது அந்த அடர் சிவப்பு நிறம். மரம் அங்குள்ள மாணவர் இசைக்குழுவின் சொத்து.

கதை இப்படி. 1930லிருந்து அணியின் சின்னம் 'இந்தியன்'. நம்மைச் சொல்லவில்லை, அமெரிக்கப் பழங்குடி மக்களைச் சொன்னது. 1950களிலிருந்து யூரோக் இனத்தைச் சேர்ந்த ஒருவரே 'பிரின்ஸ் லைட்ஃபுட்' என்ற பெயரில் இறகுத் தலைப்பாகையோடு மைதானத்தில் ஆடி வந்தார். ஆனால் அங்கே படித்த பழங்குடி மாணவர்கள் எங்கள் மக்களைக் கேலிப்பொருள் ஆக்காதீர்கள் என்று மனு கொடுக்க, 1972ல் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்ட் லைமன் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டார். பழைய மாணவர்கள் பலருக்கு அதில் கடும் கோபம். என்னைக் கேட்டால் அது சரியான முடிவு, அதுவும் அந்தக் காலத்தில் எடுத்தது பெரிய விஷயம்.

சரி, அந்த இடத்துக்கு என்ன? மாணவர்கள் 'ராபர் பேரன்ஸ்' என்று வைக்கலாம் என்றார்கள். பல்கலைக்கழகத்தை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ரயில்பாதையில் பணம் குவித்தவர், அவரையே கொள்ளைக்காரச் சீமான் என்று நக்கலடிக்கும் பெயர். நிர்வாகம் ஒத்துக்கொள்ளுமா? இந்த இழுபறியைக் கிண்டல் செய்யத்தான் 1975ல் இசைக்குழு இடைவேளை நிகழ்ச்சிகளில் கண்டபடி மாஸ்காட்டுகளை இறக்கியது: ஆவி கக்கும் சாக்கடை மூடி ஒன்று, ஃப்ரெஞ்ச் ஃப்ரை ஒன்று, அப்புறம் ஒரு மரம். கூட்டத்துக்கு மரம் பிடித்துப்போனது. ஏன் மரம் என்றால், பாலோ ஆல்டோ ஊருக்கே பெயர் கொடுத்த 'எல் பாலோ ஆல்டோ' என்ற பழைய ரெட்வுட் மரம் பல்கலைக்கழக முத்திரையிலும் இருக்கிறது. கால்ட்ரெயின் என்ற உள்ளூர் ரயிலில் மென்லோ பார்க் ஸ்டேஷனைத் தாண்டி பாலோ ஆல்டோ ஸ்டேஷன் வருவதற்குள் ஓடைப் பாலத்தை ஒட்டித் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், அடுத்த முறை எட்டிப் பாருங்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது உடை விஷயம்தான். பெரும்பாலான கல்லூரிகளில் மாஸ்காட் உடை ஒன்றுதான், உள்ளே ஆள் மட்டும் மாறுவார். பக்கத்திலேயே இருக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மாஸ்காட்டான ஆஸ்கி கரடி 1941லிருந்து இருக்கிறது, உள்ளே யார் என்பதை ரகசியமாகவே வைத்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் நேர் எதிர். வருஷா வருஷம் புது மாணவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்தத் தேர்வுக்காக அவர்கள் செய்யும் கிறுக்குத்தனங்களைச் சொல்லி மாளாது, ஜெயித்தவர் தன் மரத்தைத் தானே வடிவமைத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒரு வருஷத்து மரம் மாதிரி அடுத்த வருஷத்து மரம் இருக்காது. நீங்கள் இணையத்தில் தேடிப் பார்த்த படம் வேறு மாதிரி இருந்ததே என்று குழம்பியிருந்தால் காரணம் இதுதான்.

இரண்டு கல்லூரிகளுக்கும் பகை எவ்வளவு என்றால், 1998ல் பெர்க்லி மாணவர்கள் சிலர் அந்த மரத்தையே கடத்திக்கொண்டு போனார்கள், அப்புறம்தான் திரும்பி வந்தது. அவர்கள் இரண்டு பேரும் மோதும் மேட்ச்சுக்கு 'பிக் கேம்' என்றே பெயர், முடிந்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள், காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள், ஸ்டான்ஃபோர்ட் பக்கம் உட்காருவதாக இருந்தால் நீலமும் மஞ்சளும் கலந்த சட்டை வேண்டாம், அது பெர்க்லியின் நிறம். கூட்டிப்போகும் நண்பர் பெர்க்லியில் படித்தவரா என்று மட்டும் கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.