தக்கலை அக்காவுக்கு: ஸ்கேன் வேண்டாம்

அக்கா, மூணாங்கிளாஸ் படிக்கிற மகன் பெஞ்சுல இருக்க மாட்டேங்கான், ஏ.டி.எச்.டி.யா (கவனம் நிக்காம, அளவுக்கு மீறி துறுதுறுன்னு இருக்குற நிலை) இருக்கும்னு டீச்சர் சொல்லுதாங்க, 'அவன் அப்பனும் இப்படித்தான்'னு மாமியார் சொல்லுதாங்க, மூளை ஸ்கேன் எடுக்கணுமான்னு கேட்டிருக்கீங்க.

ஸ்கேன்லயோ ரத்தப் பரிசோதனையிலயோ ஏ.டி.எச்.டி. தெரியாது. அந்தக் காசை மிச்சம் பிடிங்க. முதல்ல காதும் கண்ணும் பாருங்க. கரும்பலகை சரியா தெரியாத பிள்ளையும் நெளியத்தான் செய்யும். டாக்டர் பாக்குறது, ஆறு மாசமாவது இருக்கா, 12 வயசுக்கு முன்னாடி தொடங்கிச்சா, வீடு, பள்ளிக்கூடம்னு ரெண்டு இடத்துலயாவது தெரியுதா என்பதைத்தான். மொபைல்ல ஒரு மணி நேரம் அசையாம இருக்கானேன்னு எழுதியிருக்கீங்க. பிடிச்ச விஷயத்துல ஒன்றிப்போறது ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கும் உண்டு. அதை வச்சு முடிவு பண்ணாம, ஹோம்வொர்க் நேரத்துலயும் ரேஷன் கடை வரிசையிலயும் எப்படி இருக்கான்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. மாமியார் சொன்னதையும் சேருங்க. இது பரம்பரையா வரக்கூடியது, டாக்டருக்கு உபயோகப்படும். (மாமியார் பேச்சு மருத்துவத்துக்கு உதவுறது அபூர்வம்!)

இதுக்கு மாத்திரை கொடுப்பாங்களோங்குற பயம் எல்லாருக்கும் உள்ளதுதான். அமெரிக்காவுல 579 பிள்ளைகளை 14 மாசம் கவனிச்ச ஆய்வு 1999-ல வந்தது. நடத்தைப் பயிற்சியை மட்டும் விட, ஒழுங்கா அளவு பாத்துக் கொடுத்த மாத்திரை அறிகுறிகளை நல்லா குறைச்சுது. பயிற்சியும் சேந்தப்போ மாத்திரை அளவு குறைவாவே போதுமா இருந்துச்சு. மாத்திரையால பசி குறையலாம், அதனால எடை பாத்துக்கிட்டே இருக்கணும்.

ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுல காட்டுங்க. அதுக்கு முன்னாடி பேசணும்னா 14416-க்கு போன் போடுங்க. அது டெலி மானஸ்ங்குற அரசாங்க மனநல உதவி எண், கட்டணம் கிடையாது.